வீடற்ற மனநோயாளருக்கான ஆதரவு வீட்டுவசதி

ஆதரவு வீட்டுவசதி என்பது, வீடற்ற நிலையில் வாழும் கடுமையான மனநோய் உடையோருக்கு நிலையான குடியிருப்பையும், அதில் தொடர்ந்து வாழ்வதற்குத் தேவையான மருத்துவ, சமூக உதவிகளையும் ஒருங்கே வழங்கும் முறை ஆகும். மனச்சிதைவு, இருமுனையப் பிறழ்வு, கடும் மனச்சோர்வு முதலிய நோய்கள் உடையோர் இதன் பயனாளிகளில் அடங்குவர். இரவுக் காப்பகம், மருத்துவமனை, இடைக்கால விடுதி ஆகியவற்றிலிருந்து இது இரண்டு வகைகளில் வேறுபடுகிறது. முதலாவதாக, இங்கு தங்குவதற்குக் கால வரம்பு இல்லை. இரண்டாவதாக, தங்குபவர் நோயாளியாக அன்றி, குடியிருப்பவருக்கு உரிய உரிமைகளை உடையவராகக் கருதப்படுகிறார்.

இம்முறையின் வடிவங்களுள் மிகுதியாக ஆராயப்பட்டது "முதலில் வீடு" என்பதாகும். இது 1992 ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் தோன்றியது. முன்நிபந்தனை ஏதுமின்றி வீடு வழங்கப்பட்டால், வீடற்ற மனநோயாளருள் பெரும்பாலோர் அவ்வீட்டில் நிலைத்து வாழ்கின்றனர் என்பதை ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. எனினும் வீடு கிடைப்பதனால் மட்டும் நோய் குணமாவதில்லை என்பதையும் அதே ஆய்வுகள் காட்டுகின்றன.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மேற்கு நாடுகளில் கடும் மனநோய் உடையோர் பலர் அரசு மனநல மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் வைக்கப்பட்டிருந்தனர். ஐக்கிய அமெரிக்காவில் 1955 ஆம் ஆண்டில் இத்தகைய மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,59,000 பேர் இருந்தனர். குளோர்புரோமசின் போன்ற மருந்துகள் 1950களில் பயன்பாட்டுக்கு வந்தன. அதே காலத்தில் மருத்துவமனைகளின் மோசமான நிலை குறித்த கண்டனங்களும் வலுத்தன. இவற்றின் விளைவாக நோயாளிகள் படிப்படியாக வெளியே அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு ஊருக்குள்ளேயே சிகிச்சை அளிப்பதற்கான சமூக மனநல மையங்களை அமைக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி 1963 இல் கையெழுத்திட்டார். ஆயினும் திட்டமிடப்பட்ட மையங்களுள் பல கட்டப்படவே இல்லை.

மருத்துவமனையை விட்டு வெளியேறியோர் பலருக்குக் குறைந்த வாடகையில் ஓர் அறையை மட்டும் வழங்கிய பழைய விடுதிகள் புகலிடமாக இருந்தன. 1970களிலும் 1980களிலும் நியூயார்க் போன்ற நகரங்களில் இவ்விடுதிகள் பெருமளவில் இடிக்கப்பட்டன அல்லது உயர்ந்த வாடகைக் குடியிருப்புகளாக மாற்றப்பட்டன. இதனால் மனநோய் உடையோர் பலர் தெருக்களிலும் இரவுக் காப்பகங்களிலும் வாழ நேர்ந்தது.

மேற்கு நாடுகளில் நடத்தப்பட்ட 29 கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2008 இல் வெளியான ஆய்வு, வீடற்றோருள் ஏறத்தாழ 12.7 விழுக்காட்டினருக்கு மனச்சிதைவு போன்ற, நடப்பு நிலையிலிருந்து மனத்தை விலகச் செய்யும் நோய்கள் இருப்பதாக மதிப்பிட்டது. இது பொது மக்களிடையே காணப்படும் அளவை விடப் பல மடங்கு அதிகம் ஆகும்.

மனநோயும் வீடற்ற நிலையும் ஒன்றையொன்று வளர்ப்பவை. நோயினால் வேலையும் உறவுகளும் இழக்கப்படுகின்றன. வாடகை செலுத்த இயலாமல் போகிறது. தெருவுக்கு வந்தபின் நோய் மேலும் முற்றுவதற்குக் கீழ்க்கண்ட காரணங்கள் உண்டு.

- தொடர்ச்சியான உறக்கம் கிடைப்பதில்லை. உறக்கமின்மை மனநோய் அறிகுறிகளைத் தீவிரப்படுத்துகிறது.
- மருந்துகளைப் பாதுகாப்பாக வைத்திருக்க இடம் இல்லை. அவை தொலைந்துபோகின்றன அல்லது திருடப்படுகின்றன.
- முகவரி இல்லாததால் அரசு உதவித்தொகை, அடையாள ஆவணங்கள், மருத்துவ முன்பதிவு ஆகியவற்றைப் பெறுவது கடினமாகிறது.
- தாக்குதல், பாலியல் வன்முறை ஆகியவற்றுக்கு ஆளாகும் ஆபத்து மிகுதி. இவ்வனுபவங்கள் புதிய உளக்காயங்களை ஏற்படுத்துகின்றன.

படிக்கட்டு முறை

1980களில் இருந்து பல நகரங்களில் பின்பற்றப்பட்ட முறை "படிக்கட்டு முறை" எனப்படுகிறது. இதன்படி வீடற்ற ஒருவர் முதலில் காப்பகத்திலும், அடுத்து இடைக்கால விடுதியிலும், பின்னர் கண்காணிப்புடன் கூடிய கூட்டுக் குடியிருப்பிலும் தங்கி, இறுதியில் தனக்கான வீட்டைப் பெறுவார். ஒவ்வொரு படியிலும் அவர் மருந்து உட்கொள்ள வேண்டும். மது, போதைப்பொருள் ஆகியவற்றைக் கைவிட வேண்டும். விடுதி விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். இவற்றில் தவறுவோர் கீழ்ப்படிக்கோ தெருவுக்கோ திரும்ப நேரும்.

இம்முறையின் அடிப்படை, ஒருவர் வீட்டில் வாழ்வதற்கு முதலில் "தயாராக" வேண்டும் என்ற கருத்து ஆகும். ஆனால் நோய் மிகக் கடுமையாக உள்ளவர்களே இந்நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாதவர்களாகவும் இருந்தனர். எனவே யாருக்கு வீடு மிகவும் தேவைப்பட்டதோ அவர்களே படிக்கட்டின் அடியில் தங்கிவிட்டனர்.

முதலில் வீடு

தோற்றம்

ஆதரவு வீட்டுவசதி "முதலில் வீடு" முறைக்கு முன்பே இருந்தது. 1980 இல் நியூயார்க் நகரில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஒரு பழைய விடுதியை வாங்கி, மனநோய் உடைய வீடற்றோருக்கான நிலையான இல்லமாக மாற்றினர். 1990 இல் நியூயார்க் நகர அரசும் மாநில அரசும் செய்துகொண்ட உடன்பாட்டின் மூலம் இத்தகைய குடியிருப்புகள் ஆயிரக்கணக்கில் உருவாக்கப்பட்டன.

நியூயார்க்கில் தெருவில் வாழும் மனநோயாளரிடையே பணியாற்றிய உளவியலாளர் சாம் செம்பெரிஸ், 1992 இல் "பாத்வேஸ் டு ஹவுசிங்" என்னும் அமைப்பைத் தொடங்கினார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு வெளியே வந்தவர்கள் மீண்டும் அதே தெருவுக்குத் திரும்புவதை அவர் கண்டிருந்தார். வீடற்றோரிடம் அவர்களுக்கு என்ன வேண்டும் எனக் கேட்டபோது, சிகிச்சையை விட வீட்டையே அவர்கள் முதலில் குறிப்பிட்டனர். ஆகவே அவருடைய அமைப்பு படிக்கட்டின் இறுதியில் இருந்த வீட்டைத் தொடக்கத்திலேயே வழங்கியது.

கொள்கைகள்

"முதலில் வீடு" முறையின் முக்கியக் கொள்கைகள் பின்வருமாறு:

- முன்நிபந்தனையின்மை: சிகிச்சைக்கு இணங்குதலோ போதைப்பழக்கத்தைக் கைவிடுதலோ வீடு பெறுவதற்கான நிபந்தனை அன்று.
- தேர்வு: எப்பகுதியில், எத்தகைய வீட்டில், யாருடன் வாழ்வது என்பதையும், எந்த உதவியை ஏற்பது என்பதையும் இயன்ற அளவு பயனாளியே தீர்மானிக்கிறார்.
- வீட்டையும் சிகிச்சையையும் பிரித்தல்: சிகிச்சையை மறுப்பதால் வீடு பறிக்கப்படுவதில்லை. வீட்டை இழந்தாலும் ஆதரவுக் குழு அவரைக் கைவிடுவதில்லை. வேறு வீடு தேடித் தருகிறது.
- தீங்கு குறைத்தல்: போதைப்பொருள் பயன்பாட்டை உடனே நிறுத்த வற்புறுத்தாமல், அதனால் விளையும் தீங்கைக் குறைக்க உதவுதல்.
- சமூகத்துடன் இணைதல்: வீடுகள் ஒரே கட்டடத்தில் குவிக்கப்படாமல், சாதாரணக் குடியிருப்புகளிடையே பரவலாக அமைகின்றன.

முன்நிபந்தனை இல்லை என்பது கடமைகளே இல்லை என்று பொருள்படாது. பயனாளி மற்ற வாடகைதாரர்களைப் போலவே குத்தகை விதிகளுக்கு உட்பட்டவர் ஆவார். பொதுவாக அவர் தம் வருமானத்தில் 30 விழுக்காட்டை வாடகையாகச் செலுத்துகிறார். மீதித் தொகையைத் திட்டம் ஏற்கிறது. ஆதரவுக் குழுவினர் அவரை ஒழுங்காகச் சந்தித்து வருவதும் வேண்டப்படுகிறது.

ஆதரவுக் குழுக்கள்

வழங்கப்படும் உதவி பயனாளியின் தேவையைப் பொறுத்து இரு வகைப்படும். கடுமையான நோய் உடையோருக்கு "தீவிரச் சமூகச் சிகிச்சை" அளிக்கப்படுகிறது. இது 1970களில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள மேடிசன் நகரில் உருவான முறை ஆகும். மனநல மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், தாமே மனநோயிலிருந்து மீண்ட உதவியாளர் ஆகியோர் ஒரு குழுவாகச் செயல்பட்டுப் பயனாளியின் வீட்டுக்கே செல்கின்றனர். ஏறத்தாழ 10 பயனாளிகளுக்கு ஒரு பணியாளர் இருப்பார். நடுத்தர அளவு தேவை உடையோருக்கு, ஒரு பணியாளர் ஏறத்தாழ 16 முதல் 20 பேர் வரை கவனித்து, அவர்களைப் பிற மருத்துவ சேவைகளுடன் இணைத்துவிடும் முறை பின்பற்றப்படுகிறது.

கனடிய ஆய்வு

இத்துறையில் நிகழ்ந்த மிகப் பெரிய ஆய்வுகளுள் ஒன்று கனடாவின் "அட் ஹோம்/ஷே சுவா" திட்டம் ஆகும். ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மொழிச் சொற்களும் வீட்டில் இருத்தலைக் குறிப்பவை. கனடிய கூட்டரசு 2008 இல் ஒதுக்கிய 11 கோடி டாலரைக் கொண்டு, கனடிய மனநல ஆணையம் 2009 முதல் 2013 வரை இதனை நடத்தியது. வான்கூவர், வின்னிப்பெக், டொராண்டோ, மொண்ட்ரியால், மாங்டன் ஆகிய 5 நகரங்களைச் சேர்ந்த 2,000க்கும் மேற்பட்டோர் இதில் பங்கேற்றனர். வின்னிப்பெக்கில் முதற்குடி மக்களுக்கும், டொராண்டோவில் சிறுபான்மை இனத்தவருக்கும் ஏற்ற சேவைகள் வடிவமைக்கப்பட்டன.

பங்கேற்றோர் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வீடும் ஆதரவுக் குழுவும் வழங்கப்பட்டன. மறு பிரிவினர் தத்தம் நகரில் ஏற்கனவே இருந்த சேவைகளைப் பெற்றனர். குலுக்கல் முறையால் இரு பிரிவினரும் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒரே தன்மையினராக இருப்பர். எனவே பின்னர் தோன்றும் வேறுபாட்டைத் திட்டத்தின் விளைவாகக் கொள்ள இயலும். ஆய்வின் கடைசி 6 மாதங்களில் கண்ட நிலை வருமாறு:

- காலம் முழுவதும் வீட்டில் வாழ்ந்தோர்: வீடு பெற்ற பிரிவில் 62 விழுக்காடு, மறு பிரிவில் 31 விழுக்காடு.
- சில காலம் மட்டும் வீட்டில் வாழ்ந்தோர்: முறையே 22 விழுக்காடு, 23 விழுக்காடு.
- வீடே இல்லாதிருந்தோர்: முறையே 16 விழுக்காடு, 46 விழுக்காடு.

டொராண்டோவில் பங்கேற்றோர் 6 ஆண்டுகள் வரை பின்தொடரப்பட்டனர். வீட்டில் நிலைத்திருப்பதில் இரு பிரிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு நீடித்ததாக 2019 இல் வெளியான முடிவுகள் தெரிவித்தன.

நல்வாழ்வின் மீதான தாக்கம்

வீட்டில் நிலைத்திருத்தல்

நியூயார்க்கில் இத்திட்டத்தின் கீழ் வீடு பெற்றோருள் 88 விழுக்காட்டினர் 5 ஆண்டுகளுக்குப் பின்னும் வீட்டில் வாழ்ந்ததாகவும், நகரின் வழக்கமான படிக்கட்டு முறையில் இந்த அளவு 47 விழுக்காடு என்றும் 2000 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறியது. இது குலுக்கல் முறையில் அமையாத ஒப்பீடு ஆகும். எனினும் 225 பேரைக் கொண்டு குலுக்கல் முறையில் நடத்தப்பட்டு 2004 இல் வெளியான ஆய்வும் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வீட்டில் நிலைத்ததைக் காட்டியது. மனநோய் உடையோர் சிகிச்சைக்கு உடன்படாதவரை தனி வீட்டில் வாழ இயலாதவர்கள் என்ற கருத்தை இவை தகர்த்தன.

நோய் அறிகுறிகளும் போதைப் பயன்பாடும்

இதே 2004 ஆம் ஆண்டு ஆய்வில், மனநோய் அறிகுறிகளிலும் போதைப்பொருள் பயன்பாட்டிலும் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இம்முடிவை இரு விதமாக நோக்கலாம். வீடு மருந்துக்கு மாற்றாக அமையவில்லை என்பது ஒன்று. நிபந்தனையின்றி வீடு அளித்தால் போதைப்பழக்கம் பெருகும் என்ற அச்சம் மெய்ப்படவில்லை என்பது மற்றொன்று. பின்னர் நிகழ்ந்த பல ஆய்வுகளும் இதனை ஒத்த முடிவுகளையே அளித்தன.

வாழ்க்கைத் தரம்

கனடிய ஆய்வில், தீவிரச் சமூகச் சிகிச்சை பெற்ற பிரிவினரின் வாழ்க்கைத் தரமும் அன்றாடச் செயல்பாடும் முதல் ஆண்டில் மறு பிரிவினரை விட விரைவாக உயர்ந்தன. இரண்டாம் ஆண்டின் முடிவில் இவ்வேறுபாடு சிறியதாக இருந்தது. நடுத்தர அளவு தேவை உடையோரிடையே, உடல்நலம் சார்ந்த பொது வாழ்க்கைத் தர அளவையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகங்கள் 2018 இல் வெளியிட்ட அறிக்கை, எய்ட்சு நோய்க் கிருமித் தொற்று உடையோரைத் தவிரப் பிறரிடம் ஆதரவு வீட்டுவசதி உடல்நலத்தை மேம்படுத்துகிறது என்பதற்குப் போதிய சான்று அதுவரை இல்லை என்று கூறியது.

ஒப்பீட்டுப் பிரிவினரும் காலப்போக்கில் ஓரளவு முன்னேறுவது இதற்கு ஒரு காரணம் ஆகும். மக்கள் தம் வாழ்வின் மிக மோசமான கட்டத்தில் ஆய்வில் சேர்க்கப்படுகின்றனர். அதன்பின் பலருடைய நிலை இயல்பாகவே சற்றுச் சீரடைகிறது. கனடிய ஆய்வில் பங்கேற்றோர் தம் வாழ்நாளில் சராசரியாக ஏறத்தாழ 5 ஆண்டுகள் வீடின்றி இருந்தவர்கள். இவ்வளவு காலம் நீடித்த வறுமையின் விளைவுகளை 2 ஆண்டு ஆய்வுக் காலத்தில் முழுமையாக மாற்றுவது அரிது.

பாதுகாப்பு உணர்வு

எண்களால் அளவிடப்படாத மாற்றங்களை நேர்காணல் ஆய்வுகள் வெளிப்படுத்தின. நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெபோரா பாட்ஜெட், மனநோய் உடைய 39 பேரின் நேர்காணல்களை ஆராய்ந்து 2007 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சமூகவியலாளர் அந்தோணி கிடென்ஸ் விரித்துரைத்த "இருத்தல் பாதுகாப்பு" என்ற கருத்தை அவர் பயன்படுத்தினார். தன்னைச் சுற்றியுள்ள உலகம் நாளையும் இவ்வாறே இருக்கும் என்ற நம்பிக்கையே இதன் பொருள் ஆகும். வீடு பெற்றவர்களிடம் அவர் கண்டவை:

- தம் வாழ்வின் மீது தமக்கே கட்டுப்பாடு உள்ளது என்ற உணர்வு. கதவைப் பூட்டவும், யாரை உள்ளே விடுவது எனத் தீர்மானிக்கவும் அவர்களால் முடிந்தது.
- சமைத்தல், குளித்தல், விரும்பிய நேரத்தில் உறங்குதல் போன்ற அன்றாட ஒழுங்குகள்.
- பிறரின் கண்காணிப்பிலிருந்து விடுபட்ட தனிமை.
- "நோயாளி", "வீடற்றவர்" என்ற அடையாளங்களைக் கடந்து தம்மைப் பற்றி எண்ணிப்பார்க்கும் வாய்ப்பு.

இத்துடன் வேறொன்றையும் அவர் குறிப்பிட்டார். வீடு கிடைத்தபின், "அடுத்து என்ன" என்ற கேள்வி எழுகிறது. வேலை, உறவு, எதிர்காலம் பற்றிய கவலைகள், அன்றைய இரவை எங்கே கழிப்பது என்ற கவலை நீங்கிய பின்னரே மேலெழுகின்றன.

தனிமை

தெருவிலும் காப்பகத்திலும் இருந்த பழக்கமான முகங்களை விட்டுத் தனி வீட்டுக்குச் செல்லும் சிலர் தனிமையால் வருந்துகின்றனர். வான்கூவரில் ஒரு பிரிவினருக்குப் பரவலான தனி வீடுகளும், மற்றொரு பிரிவினருக்கு ஒரே கட்டடத்தில் தனி அறைகளும் வழங்கப்பட்டன. வீட்டில் நிலைத்திருத்தல் இரண்டிலும் உயர்ந்தது. சமூகத்தில் ஒருவராக உணர்தல், மீட்சி ஆகிய சில அளவைகளில் ஒரே கட்டடத்தில் வாழ்ந்தோரே, வழக்கமான சேவை பெற்றோரை விடக் கூடுதல் நன்மை கண்டனர். எனவே தனி வீடுதான் அனைவருக்கும் சிறந்தது என்று கூற இயலாது.

செலவு

வீடற்ற மனநோயாளர் காப்பகம், அவசர மருத்துவம், மருத்துவமனைப் படுக்கை, சிறை ஆகியவற்றை அதிகம் பயன்படுத்துவதால், அவர்களைத் தெருவில் விடுவதும் அரசுக்குச் செலவே ஆகும். 1990 ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்பாட்டின் கீழ் வீடு பெற்ற 4,679 பேரின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு 2002 இல் வெளியானது. 1999 ஆம் ஆண்டு விலையில், வீடு பெறுமுன் ஒருவர் ஆண்டுக்கு 40,451 டாலர் மதிப்புள்ள பொதுச் சேவைகளைப் பயன்படுத்தினார். வீடு வழங்கப்பட்டபின் இச்செலவு ஒரு குடியிருப்புக்கு ஆண்டுக்கு 16,281 டாலர் குறைந்தது. குடியிருப்புக்கும் ஆதரவுக்கும் ஆன செலவின் பெரும்பகுதி இதனால் ஈடானது.

கனடிய ஆய்வில் சேவைகளை மிக அதிகமாகப் பயன்படுத்திய 10 விழுக்காட்டினரிடம், திட்டத்துக்குச் செலவிடப்பட்ட ஒவ்வொரு 10 டாலருக்கும் 21.72 டாலர் மிச்சமானது. கடுமையான தேவை உடையோர் அனைவரையும் சேர்த்துப் பார்க்கையில் இது 9.60 டாலராகவும், நடுத்தரத் தேவை உடையோரிடம் 3.42 டாலராகவும் இருந்தது. ஆகவே இம்முறை எல்லோரிடத்தும் அரசுக்குப் பணத்தை மிச்சப்படுத்துகிறது என்ற பரவலான கூற்று சரியன்று.

இந்தியாவில்

இந்தியாவில் வீடற்ற மனநோயாளர் சிக்கல் தெருவில் மட்டுமன்றி மருத்துவமனைக்குள்ளும் காணப்படுகிறது. குணமடைந்த பின்னும் குடும்பம் ஏற்றுக்கொள்ளாததால் அல்லது முகவரி தெரியாததால் பலர் அங்கேயே தங்கிவிடுகின்றனர். 43 அரசு மனநல மருத்துவமனைகளில் எடுக்கப்பட்டு 2019 இல் வெளியான கணக்கெடுப்பு, அங்கிருந்தோருள் 36 விழுக்காட்டினர் ஓராண்டு அல்லது அதற்கு மேல் தங்கியிருந்ததைக் காட்டியது.

சென்னையில் 1993 இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ஆகியோர் தொடங்கிய "தி பான்யன்" அமைப்பு, வீடற்ற மனநோயாளப் பெண்களுக்கு அடைக்கலமும் சிகிச்சையும் அளித்து வருகிறது. சிகிச்சைக்குப்பின் பலர் குடும்பத்துடன் சேர்க்கப்பட்டனர். திரும்பிச் செல்ல இடமின்றி ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கியோருக்காக 2015 இல் "ஹோம் அகைன்" திட்டம் தொடங்கப்பட்டது. இதில் ஊருக்குள்ளோ நகரத் தெருக்களிலோ சாதாரண வீடுகள் வாடகைக்கு எடுக்கப்பட்டு, நான்கைந்து பேர் ஒரு குடும்பம் போல் சேர்ந்து வாழ்கின்றனர். உதவியாளர்கள் தேவைக்கேற்ப உடன் தங்குகின்றனர் அல்லது வந்து செல்கின்றனர். சமையல், கடைக்குச் செல்லுதல், அண்டை வீட்டாருடன் பழகுதல், வேலைக்குச் செல்லுதல் ஆகியவை இதன் பகுதிகளாகும். இத்திட்டம் கேரளம், மகாராட்டிரம், அசாம் ஆகிய மாநிலங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. நிறுவனப் பராமரிப்பில் தொடர்ந்தோருடன் ஒப்பிடுகையில் இதில் வாழ்வோரின் சமூக இணைப்பு மேம்பட்டதாக 2020 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. உலக சுகாதார அமைப்பு 2021 இல் வெளியிட்ட சமூக மனநல சேவைகள் பற்றிய வழிகாட்டி, இதனை ஒரு நல்ல முன்மாதிரியாக எடுத்துக்காட்டியது.

வட அமெரிக்கத் திட்டங்கள் பெரும்பாலும் தனி வீட்டை வழங்க, சென்னைத் திட்டம் பகிர்ந்து வாழும் வீட்டை வழங்குவது குறிப்பிடத்தக்கது.

இந்திய மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 இதனைச் சட்ட உரிமையாகவும் ஆக்கியுள்ளது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, சமூக வசதிகள் இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்தில் தொடர்ந்து வைத்திருக்கலாகாது என அதன் 19 ஆம் பிரிவு கூறுகிறது. ஆதரவுக் குடியிருப்புகளை அமைக்கும் பொறுப்பை 18 ஆம் பிரிவு அரசுகளுக்கு அளிக்கிறது.

பரவலும் விமர்சனங்களும்

பின்லாந்து 2008 முதல் "முதலில் வீடு" கருத்தைத் தேசியக் கொள்கையாகக் கொண்டது. பிரான்சு 2011 இல் பாரிசு, மார்சேய், லில், துலூசு ஆகிய நகரங்களில் கடும் மனநோய் உடையோருக்காக இதனை ஆராயத் தொடங்கியது. கனடிய கூட்டரசு 2013 இல் தன் வீடற்றோர் கொள்கையை இதன் அடிப்படையில் மாற்றியமைத்தது. ஐக்கிய அமெரிக்காவில் கூட்டரசின் ஆதரவைப் பெற்றிருந்த இம்முறைக்கு எதிராக, குடியரசுத் தலைவர் டொனால்ட் டிரம்ப் 2025 ஜூலையில் நிருவாக ஆணை பிறப்பித்தார். சிகிச்சையை வற்புறுத்தாத திட்டங்களுக்கு அளிக்கும் ஆதரவை முடித்துக்கொள்ளுமாறு அது துறைகளைப் பணித்தது.

சிகிச்சைக்கும் போதை மீட்புக்கும் போதிய அழுத்தம் தரப்படுவதில்லை என்பது முக்கிய விமர்சனம் ஆகும். வீட்டை மட்டும் வழங்கி, ஆதரவுக் குழுவைக் குறைத்துவிடும் திட்டங்களும் இதே பெயரில் நடப்பதாக ஆதரவாளர்களே குறை கூறுகின்றனர். குறைந்த வாடகை வீடுகள் இல்லாத நகரங்களில் இம்முறை விரிவடைய இயலாது. மனநோய் உடையோருக்கு வீடு தர வீட்டு உரிமையாளர்கள் தயங்குவது பல நாடுகளில் தடையாக உள்ளது.

இவ்விவாதத்தின் மையத்தில் இருப்பது, வீடு என்பது நலமடைந்ததற்கான பரிசா, நலமடைவதற்கான முன்தேவையா என்ற கேள்வி ஆகும். வீட்டில் நிலைத்திருத்தல் குறித்த சான்றுகள் இரண்டாவது நிலைப்பாட்டை ஆதரிக்கின்றன. நலமடைதலுக்கு வீட்டுடன் சிகிச்சை, வருமானம், துணை ஆகியவையும் தேவை என்பதைப் பிற சான்றுகள் உணர்த்துகின்றன.

இவற்றையும் பார்க்க

- வீடற்ற நிலை
- மனச்சிதைவு
- இருமுனையப் பிறழ்வு
- மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017